கடைசிக் கொழுந்து எப்போது?

மார்கழிக் கடைசியில் கிருஷ்ணகிரி வட்டாரத்து மாந்தோப்புக்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடியேதான் நடப்பார்கள். பக்கத்துத் தோப்பில் கிளை நுனியெல்லாம் பூங்கொத்து நீட்டியிருக்கும். தன் தோப்பில் இலை மட்டும் பளபளவென்று நிற்கும். அந்த நாட்களில்தான் ஒருவருக்கு அழைப்பு அதிகம். தோட்டக்கலைத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வுபெற்றவர். பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் அவர் கால் படாத தோப்பு குறைவு. “உரத்துல ஒரு குறையும் வைக்கல சார். மரமும் கருகருன்னு நல்லாத்தான் இருக்கு. பூவை மட்டும் காணோம்” என்பார்கள். எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று அவர் கேட்பதில்லை. “கடைசியா கொழுந்து எப்ப தள்ளுச்சு?” என்றுதான் கேட்பார்.

பெரும்பாலானோரிடம் இதற்குப் பதில் இருக்காது. எந்தக் கடையில் எத்தனை மூட்டை வாங்கினோம், வண்டி வாடகை எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். மரம் எந்த மாதம் துளிர்த்தது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. அதனால் மரத்திடமே கேட்டுக்கொள்வார். எட்டும் கிளை ஒன்றை வளைத்து, நுனியில் உள்ள இலை ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். நன்றாக முற்றிய இலையானால் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தத்தோடு உடையும். இளசானால் துவண்டு மடங்கும், உடையாது. அடுத்து, கிளையில் விரலை ஓட்டி, ஒரு கொழுந்து நின்று அடுத்த கொழுந்து கிளம்பிய கணுவைத் தேடுவார். அங்கே இலைத்தழும்புகள் நெருக்கமாக வளையம் கட்டியிருக்கும். அந்த வளையத்துக்கு மேலே உள்ள தண்டு இன்னும் பச்சையாக இருக்கிறதா, சாம்பல் பூத்து மரமாகத் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பார். இந்த இரண்டையும் வைத்தே கொழுந்து தள்ளிய மாதத்தை ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

இதைத் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. மா வருஷம் முழுக்கச் சீராக வளர்வதில்லை. ஒரு வீச்சாகக் கொழுந்து தள்ளும், பிறகு மாதக்கணக்கில் ஓய்வெடுக்கும், மறுபடி தள்ளும். பூங்கொத்து பெரும்பாலும் கிளையின் நுனிமொட்டிலிருந்துதான் வரும். அந்த நுனிமொட்டு பூவாகவும் விரியலாம், இலையாகவும் விரியலாம். மாந்தோப்புக்காரரின் வருமானம் முழுக்க அந்த ஒரு முடிவில் இருக்கிறது. குளிரும் இலையின் வயதும் அதைத் தீர்மானிக்கின்றன. பகலில் 18, இரவில் 10 டிகிரி வெப்பத்தில் வைத்த மாஞ்செடிகள் துளிர்க்கும்போது பூவாகத் துளிர்த்தன. பகலில் 30, இரவில் 25 டிகிரியில் வைத்தவை இலையாகத் துளிர்த்தன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வுகள் காட்டிய வேறுபாடு இது. நம் ஊரில் அந்தக் குளிர் அவ்வளவு நம்பிக்கையாக வராது. ஆகவே இங்கே இலையின் வயதுதான் பெரிய விஷயம். நுனிக்கொழுந்து முற்றி, குறைந்தது நான்கு மாதமாவது சும்மா இருந்திருந்தால் அது பூவின் பக்கம் சாயும். கார்த்திகையில் கொழுந்து தள்ளிய கிளை தை மாதத்தில் பூப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

உரம் வில்லங்கமாவது இங்கேதான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போது யூரியா தூவினால் வீணாகாது என்று பலர் கார்த்திகைவரை காத்திருந்து போடுகிறார்கள். ஈரமும் தழைச்சத்தும் ஒரே நேரத்தில் கிடைத்தால் மரம் என்ன செய்யும்? செவந்த கொழுந்தாக வாரி இறைக்கும். பார்க்கக் கண்கொள்ளாத அழகு. தோப்புக்காரர் மனம் நிறைந்து வீட்டுக்குப் போவார். அந்தக் கொழுந்துகள்தான் அடுத்த இரண்டு மாதத்தில் பூவாக வேண்டிய நுனிகள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வளர்ந்த மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரம், தழைச்சத்து ஒரு கிலோ, மணிச்சத்து ஒரு கிலோ, சாம்பல்சத்து ஒன்றரைக் கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. செப்டம்பர், அக்டோபரில் போடச் சொல்கிறார்கள். தழைச்சத்து ஒரு கிலோ என்றால் யூரியாவில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். இந்த அளவில் அவருக்கு மறுப்பு இல்லை. காய் இறங்கியதும் பாதி, மீதிப் பாதி புரட்டாசி முடிவதற்குள் என்று பிரித்துப் போடச் சொல்வார். அதற்குப் பிறகு மரத்தடிக்கு யூரியா மூட்டையைக் கொண்டுபோகவே கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பார்.

ஒருமுறை காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இந்தப் பேச்சை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். யூரியாதான் பூவைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, உரத்தையே அடியோடு நிறுத்திவிட்டார். முதல் வருஷம் பூ நன்றாகவே வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் மரம் வெளிறியது. காய் இறங்கிய பிறகு வர வேண்டிய கொழுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. புது நுனிகளே இல்லாதபோது பூ எங்கிருந்து வரும்? “நீங்க சொன்னபடிதானே நிறுத்தினேன்” என்று பெரியவர் வருத்தத்தோடு கேட்டார்.

“ஐயா, யூரியாவை நிறுத்தச் சொல்லல. மாசத்தை மாத்தச் சொன்னேன்.”

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய தொழில் அனுபவம் முழுவதும் அடங்கும் என்று சொல்லலாம். காய் இறங்கியதும் கிடைக்கும் தழைச்சத்து, ஆடி ஆவணியில் கொழுந்தாகிறது. அந்தக் கொழுந்து முற்றி மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. தை மாதத்துப் பூவைத் தாங்குவது அந்தச் சேமிப்புதான். அதே தழைச்சத்து மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தால் சேமிப்பெல்லாம் புது இலைக்குச் செலவாகிறது. அல்போன்சா போன்ற ரகங்கள் ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்வதற்கும் இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம். நிறையக் காய்த்த மரம், காய் இறங்கியதும் கொழுந்து தள்ளத் திராணியில்லாமல் நிற்கும். நீலம் வருஷாவருஷம் காய்க்கும் ரகம். அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

இந்தக் கணக்கைச் சோதனைச்சாலையில் போட்டுப் பார்த்த செடி தக்காளி. அமெரிக்காவின் ஓரிகன் வேளாண் கல்லூரியிலிருந்து 1918-ல் கிராஸ், கிரேபில் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. தழைச்சத்தும் நீரும் தாராளமாகக் கிடைத்த தக்காளிச் செடிகள் மளமளவென வளர்ந்தன, காய்ப்பு இல்லை. தழைச்சத்தைச் சற்றுக் குறைத்து, செடியில் மாவுச்சத்து தங்குமாறு செய்தபோது காய்த்தன. தழைச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தபோது செடியில் மாவுச்சத்து குவிந்து கிடந்தது, ஆனால் காய்ப்பு மறுபடி நின்றுபோனது. காவேரிப்பட்டணத்துப் பெரியவரின் தோப்பில் நடந்ததும் இதுதான். மாவுச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமே பூப்பைத் தீர்மானிக்கிறது என்று பலரும் அப்போது நம்பினார்கள்.

இரண்டே வருஷத்தில் அந்த நம்பிக்கை அசைந்தது. 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள், மேரிலாந்து மாமத் என்ற புகையிலை ரகம் கோடையில் என்ன செய்தாலும் பூக்காமல், பகல் குறுகும்போது மட்டும் பூப்பதைக் கண்டு எழுதினார்கள். பகலின் நீளத்தைச் செடி அளக்கிறது என்பது தெரிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் பூப்பு பற்றிய பேச்செல்லாம் ஒளியைச் சுற்றியே நடந்தது. உரத்தின் பங்கு பின்னுக்குப் போனது. அண்மைக் காலத்தில்தான் அது மறுபடி முன்னுக்கு வந்திருக்கிறது. 2013-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில், சர்க்கரை இருப்பைச் செடிக்குத் தெரிவிக்கும் டிரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற பொருள் உருவாகவிடாமல் தடுத்தபோது, பகல் நீளம் சரியாக இருந்தும் பூப்பு மிகவும் தாமதமாவதைக் காட்டினார்கள். காலண்டர் சரியாக இருந்தாலும் குதிரில் நெல் இருந்தால்தானே வீட்டில் விசேஷம் வைக்க முடியும்.

தழைச்சத்து பூவைத் தள்ளிப்போடும் என்று இவ்வளவு சொன்ன பிறகு, பூ வரவழைக்க அவர் தெளிக்கச் சொல்வதும் தழைச்சத்து உள்ள உப்பையேதான் என்றால் விவசாயிகள் திகைப்பார்கள். பொட்டாசியம் நைட்ரேட். உரக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. “பதிமூணு-ஜீரோ-நாற்பத்தஞ்சு” என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பதின்மூன்று சதம் தழைச்சத்து.

இதன் கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது. அங்கே மாமரத்தைப் பூக்கவைக்க, மரத்தடியில் இலைதழையைக் குவித்து நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் புகை போடுவது வழக்கம். செலவும் பிடிக்கும், பலிக்கும் என்ற உறுதியும் கிடையாது. ரமோன் பார்பா என்ற தோட்டக்கலை அறிஞர் 1970-களின் தொடக்கத்தில், ஒரு சதம் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தே மாவைப் பூக்கவைக்கலாம் என்று காட்டினார். அதற்கு உரிமைத்தொகை எதுவும் கேட்காமல் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த நாடு அவரைத் தேசிய அறிவியலாளர் என்று கௌரவித்தது. 2021-ல் காலமானார். உலகம் முழுக்க மா பயிரிடும் வெப்ப நாடுகளில் பருவம் தப்பிய பூவுக்கு அவர் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது. அவர் பெயரை ஒவ்வொரு மா விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நம்மவர் ஆதங்கத்தோடு சொல்வார்.

நம் ஊரில் அவர் சொல்வது இரண்டு சதம். பிப்ரவரி வந்தும் பூக்காத மரங்களுக்கு மட்டும் அது. லிட்டருக்கு 20 கிராம், பத்து லிட்டர் வாளிக்கு 200 கிராம். வெள்ளை உப்பை வாளியில் கொட்டிக் குச்சியால் கலக்கும்போது வாளியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். தண்ணீர் சற்றுக் குளிர்ந்திருக்கும். பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை உள்ளிழுக்கும் என்பதால் வரும் குளிர்ச்சி அது. கொஞ்ச உப்பு கரையாமல் அடியில் தங்கலாம். சற்றுப் பொறுத்து மறுபடி கலக்கி, துணியில் வடிகட்டிய பிறகே பவர் ஸ்பிரேயரில் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் நாசில் அடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன், இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் இரண்டு வாரத்துக்குள் நுனிமொட்டு புடைக்கத் தொடங்கும்.

எல்லாம் கூடிவந்தால் என்று அவர் சொல்வது வழக்கப் பேச்சு அல்ல. பர்கூர்ப் பக்கம் ஒரு தோப்பில், பக்கத்துக்காரர் தெளித்துப் பூ எடுத்ததைப் பார்த்துவிட்டு, இவரைக் கேட்காமலே ஒருவர் அதே மருந்தை அதே அளவில் தெளித்தார். மூன்றாம் வாரம் தோப்பு முழுக்கக் கொழுந்து. “மருந்து டூப்ளிகேட்டா சார்?” என்று ஓடிவந்தார். மருந்தில் பழுதில்லை. மார்கழி நடுவில் அவருடைய தோப்பு மறுபடி ஒரு வீச்சு துளிர்த்திருந்தது. நைட்ரேட் செய்வது, தூங்கும் நுனிமொட்டை எழுப்புவது மட்டும்தான். எழுந்த மொட்டு பூவாவதும் இலையாவதும் அதற்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிட்ட விஷயம். முற்றிய கிளையில் பூ வரும், இளங்கிளையில் இலை வரும். கால்சியம் நைட்ரேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும்கூட மாவை இப்படி எழுப்பும் என்பதால், வேலை செய்வது பொட்டாஷ் அல்ல, நைட்ரேட்தான் என்பது ஆய்வாளர்களுக்குத் தெளிவாயிற்று. வேர் வழியாக மாதக்கணக்கில் ஏறும் தழைச்சத்து வேறு. முற்றிய இலைமேல் ஒருநாள் விழும் தூறல் வேறு. இந்த வித்தியாசம் புரிந்த தோப்புக்காரர் தெளிப்புக்கு முன் தானே இலையைக் கசக்கிப் பார்ப்பார்.

பணிமாறுதலில் சில காலம் அவர் மதுரை, நிலக்கோட்டைப் பக்கம் இருந்தார். அங்கே மல்லிகை அவர் கணக்கைத் தலைகீழாக்கியது. குண்டுமல்லிப் புதரை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வார்கள். பிறகு வருகிற புதுக்கிளையின் நுனியில்தான் அரும்பு கட்டும். பெரும்பாலும் மூன்று மூன்றாக. இங்கே புதுத் துளிர் இல்லாமல் பூவே கிடையாது. அதனால் கவாத்து முடிந்த கையோடு செடிக்கு நல்ல சாப்பாடு வேண்டும். செடிக்குப் பத்து கிலோ தொழு உரமும், ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 என்று, கவாத்தின்போது பாதியும் ஜூன், ஜூலையில் பாதியுமாகப் பரிந்துரை. மாவுக்கு எந்தப் பருவத்தில் யூரியா கூடாது என்று கிருஷ்ணகிரியில் கையெடுத்துக் கும்பிட்டாரோ, அதே பருவத்தில் மல்லிகைக்குப் போடுங்கள் என்று நிலக்கோட்டையில் சொன்னார். பழைய கிளை நுனியில் பூக்கிறதா, புதுக்கிளையில் பூக்கிறதா என்பதை முதலில் கேட்காமல் எந்தச் செடிக்கும் உர அட்டவணை போடக்கூடாது என்பது அங்கே அவருக்கு உறுதிப்பட்டது.

மல்லிகையில் இன்னொன்றையும் பார்த்தார். மார்கழி, தையில் குளிரால் பூ குறைந்து, சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும். அந்த விலையைப் பிடிக்க, இருக்கிற உரத்தையெல்லாம் செடிக்குக் கொட்டுகிறவர்கள் உண்டு. குளிர் பிடித்துவைத்திருக்கும் பூவை எந்த உரமும் இழுத்துக்கொண்டு வராது. சுண்ணாம்பு மண்ணில் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிற செடிக்கு மட்டும் லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் நல்ல பலன் தெரியும். அங்கே குறை இரும்புச்சத்து. அதை நிறைவு செய்தால் செடி தேறும்.

தென்னை வைத்திருப்பவர்களிடம் அவர் பேச்சு இன்னும் நிதானமாக இருக்கும். இன்று விரிகிற பாளையின் கரு ஏறக்குறைய 32 மாதம் முன்பே குருத்துக்குள் உருவாகிவிட்டது. இந்த வருஷம் பொட்டாஷ் போட்டு அடுத்த மாதமே குலையை எண்ணுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். தென்னையில் போட்ட உரத்தின் முழுப் பலனைப் பார்க்க மூன்றாவது வருஷம்வரை பொறுக்க வேண்டும்.

மாடித்தோட்டக்காரர்களின் கேள்வி வேறு ரகம். ரோஜா பூக்கவில்லை, செம்பருத்தி மொட்டு உதிர்கிறது, ‘பூப்பூக்க வைக்கும்’ என்று மணிச்சத்து மிகுந்த டானிக் ஒன்றை வாங்கி ஊற்றினேன், பலனில்லை என்பார்கள். மணிச்சத்து பற்றாக்குறை பூப்பைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் போதுமான அளவு இருக்கும் மண்ணில் மேலும் மேலும் சேர்ப்பதால் பூ முந்தாது. டிஏபி வருஷக்கணக்கில் விழுந்த வயலிலும் தொட்டியிலும் மிஞ்சிய மணிச்சத்து, துத்தநாகத்தையும் இரும்பையும் செடிக்கு எட்டவிடாமல் தடுக்கும். காகிதப்பூவுக்கோ டானிக்கே வேண்டாம். வெயிலில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திப் பாருங்கள் என்பார்.

அவர் முகம் மாறுவது பேக்லோபியூட்ரசால் பற்றிப் பேசும்போது மட்டும்தான். இது ஊட்டச்சத்து அல்ல. மரத்துக்குள் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாவதைத் தடுத்து, கொழுந்து தள்ளுவதை அடக்கிப் பூப்பை முன்னுக்குக் கொண்டுவருகிற ரசாயனம். செப்டம்பர் முதல் பாதியில் மரத்துக்குப் பத்து கிராம் செயற்பொருள் என்று அளவு இருக்கிறது. நல்ல சாப்பாடு போட்டு வளர்த்த, திடமான மரத்துக்கு அளவோடு கொடுத்தால் அது உதவுகிறது. குத்தகைத் தோப்புகளில் நடப்பது வேறு. இரண்டு மூன்று வருஷத்துக்குத் தோப்பை எடுத்தவர், போட்ட பணத்தை எடுக்கும் அவசரத்தில் வருஷாவருஷம் ஊற்றுகிறார். கூடவே போட வேண்டிய எருவையும் உரத்தையும் விட்டுவிடுகிறார். மருந்து மண்ணில் நீண்ட காலம் தங்கும். பூங்கொத்து நீளாமல் கட்டையாகச் சுருண்டு நிற்கும், கணுக்கள் நெருங்கும், கிளை வளர்ச்சி குன்றும். குத்தகை முடிந்து திரும்பிவரும்போது மரத்தில் கொழுந்து தள்ளும் தெம்பே இருக்காது. அப்படி நொந்துபோன மரங்களைத் தேற்றுவதிலேயே அவருடைய ஓய்வுக்காலத்தில் பெரும்பகுதி போகிறது. தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் எந்த மருந்து, எத்தனை முறை, எரு யார் செலவு என்பதை எழுதி வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிவருகிறார். வாய்ப்பேச்சை நம்பித் தோப்பைக் கொடுப்பவர்கள்தான் இன்னும் அதிகம்.

மா வைத்திருக்கும் வாசகர்களுக்கு அவர் சொல்லச் சொன்னது இது: இந்த வருஷம் காய் இறங்கியதும் உரத்தில் முதல் பாதியை உடனே போட்டுவிடுங்கள். அதன்பின் தோப்பில் கொழுந்து தள்ளும் ஒவ்வொரு முறையும் தேதியை உரக்கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதிவையுங்கள். மண் பரிசோதனைச் சீட்டையும் அதே நோட்டில் ஒட்டுங்கள். புரட்டாசிக்குப் பிறகு யாராவது யூரியா கொண்டுவந்து இறக்கினால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், மாமரத்தடிக்குப் போக விடாதீர்கள்.